அடி வாங்கியவன் கதையை எழுதியவர்கள்

எங்கள் சேரியில் ராத்திரிப் பள்ளி ஒன்று நடத்துகிறோம். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயில் திண்ணை, ரெண்டு டியூப் லைட், ஒரு கரும்பலகை. போன வருஷம் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேச வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்திருந்தோம். தன்னம்பிக்கைப் பேச்சாளர். நல்ல மனுஷன்தான், பஸ் காசுகூட வாங்கவில்லை. மைக் டைசன் கதையைச் சொன்னார். அப்பன் துணையில்லாத பிள்ளை, நம்ம சேரி மாதிரி ஒரு இடம், திருட்டு, சீர்திருத்தப் பள்ளி, அப்புறம் 20 வயதில் உலக சாம்பியன். "பட்ட கஷ்டம் அத்தனையும் அவன் முஷ்டியில எறங்கிச்சு. கஷ்டம்தான் அவனுக்கு உரம். உங்களுக்கும் அதுதான் உரம்" என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் கிட்டே வந்தான். அவன் அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர். தெருவுக்கே தெரிந்த விஷயம். "ண்ணா, அப்ப எங்கப்பா இன்னும் கொஞ்சம் சேத்து அடிச்சிருந்தா நானும் டைசன் ஆயிருப்பேனா?" என்றான். கிண்டலாகக் கேட்டானா நிஜமாகவே கேட்டானா என்று எனக்குப் பிடிபடவில்லை. பதில் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி வருகிற புத்தகங்கள், படங்கள், பத்திரிகைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் அத்தியாயம் பசி. ரெண்டாவது அத்தியாயம் போலீஸ். மூன்றாவதில் வயதான வாத்தியார் ஒருவர் வந்து கையைப் பிடிப்பார். அப்புறம் பட்டம். இளமையில் பட்ட துன்பம்தான் இவனுக்கு இந்த மனஉறுதியைக் கொடுத்தது என்று எங்கேயாவது ஒரு வரி கட்டாயம் வந்துவிடும். எழுதுகிறவனுக்கு இது வசதி. அந்தத் துன்பத்தை யார் கொடுத்தார்கள் என்று அதற்கப்புறம் பேச வேண்டியதில்லை. துன்பம்தான் நல்ல பலன் கொடுத்துவிட்டதே! சாட்டைக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

டைசனையே எடுத்துக்கொள்வோம். 1986 நவம்பரில் ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது அவர் முறியடித்தது ஃபிளாய்ட் பேட்டர்சனின் சாதனையை. பேட்டர்சன் 1956இல் 21 வயதில் அந்தப் பட்டத்தை வென்றவர். ரெண்டு பேருக்கும் வாத்தியார் ஒருவரே, கஸ் டமாட்டோ. ரெண்டு பேரும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர்கள். ரெண்டு பேரும் சின்ன வயதில் திருடிப் பிடிபட்டு, வழிதவறிய பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள். அந்தப் பேட்டர்சனை 1962இல் ஒரே ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தவர் சோனி லிஸ்டன்.

லிஸ்டன் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முகமது அலி கையை மடக்கிக்கொண்டு நின்று கத்துகிறாரே, 1965இல் எடுத்த அந்தப் புகைப்படம், அதில் அலியின் காலடியில் மல்லாந்து கிடப்பது லிஸ்டன்தான். எங்க ஊர் கேரம் கிளப்பில் அந்தப் படம் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. நிற்கிறவரைப் போல நிற்கப் பழகினோம். கிடக்கிறவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் பிறந்தது அமெரிக்காவின் தெற்கே, ஆர்கன்சா மாநிலத்தில், சாண்ட் ஸ்லூ என்ற இடத்தில். பருத்தி விளைகிற பூமி. அப்பா டோப் லிஸ்டன் வாரத்துக்கு உழுதவர். நிலம் பண்ணைக்காரனுடையது. விளைச்சலில் பங்கு பண்ணைக்கு. மிச்சத்தில், வருஷம் பூரா கடனுக்கு வாங்கித் தின்றது கழியும். கணக்கு நோட்டு பண்ணைக்காரன் கையில். கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டோபுக்கு ரெண்டு தாரத்திலும் சேர்த்து 25 பிள்ளைகள் என்பார்கள். அந்த விவசாயத்தில் பிள்ளை என்பது வயலுக்கு இன்னொரு ஜோடிக் கை. சோனி கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனதில்லை, எழுதப் படிக்க வரவில்லை. அப்பன் சாட்டையால் அடித்த தழும்பு வளர்ந்த பிறகும் உடம்பில் இருந்தது. அப்பன் தனக்குக் கொடுத்தது அடி ஒன்றுதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறந்த தேதிக்கு உருப்படியான பதிவு கிடையாது. 1932 மே 8 என்று அவர் சொல்லிக்கொண்டார். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தியே பிறந்திருப்பார் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. பிறந்த நாளை ஒரு மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்களாம், அந்த மரத்தை வெட்டிவிட்டார்களாம் - இப்படி ஒரு கதை அவரைப் பற்றி உண்டு. பத்திரிகைக்காரர்கள் இதை வேடிக்கையாகத்தான் எழுதினார்கள். அவருடைய வயதைக் கேலி செய்வது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க வீட்டில் நாலு பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி.

1946இல் அம்மா ஹெலன் பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய்விட்டார். பையன் மச்சான் வீட்டு மரத்தில் பெக்கான் கொட்டைகளை உலுக்கி எடுத்துப்போய் விற்று, பஸ் காசு சேர்த்து அம்மாவைத் தேடிப் போனான். அங்கே பள்ளிக்கூடத்தில் உட்கார்த்தினால், கடா மாதிரி இருக்கிறவனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நின்றுவிட்டான். கூலி வேலை, அப்புறம் வழிப்பறி. 1950இல் ஐந்து வருஷத் தண்டனையோடு மிசௌரி மாநிலச் சிறை. சிறையைப் பற்றி லிஸ்டன் குறை சொன்னதேயில்லை என்று எழுதுகிறார்கள். மூன்று வேளையும் சோறு நிச்சயம் என்பது அவருக்கு அங்கேதான் வாய்த்தது. இதையும் 'இரும்பு மனம்' என்று எழுதியவர்கள் உண்டு. பசித்தவன் சோற்றைப் பற்றிச் சொன்னதை இரும்பு என்று படிக்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும்.

சிறையிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் கையுறையை மாட்டிவிட்டார். 1952 அக்டோபரில் பரோல். 1953இல் தொழில்முறைச் சண்டை. வெளியே வந்தவனை ஏற்க யார் காத்திருந்தார்கள்? செயின்ட் லூயிஸ் ரௌடிக் கும்பலோடு தொடர்புள்ள ஆட்கள். பிறகு பிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ. அந்தக் காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டையை மறைவிலிருந்து நடத்திய மாஃபியா இவர்கள். வீரனை மாட்டைப்போல் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஒருத்தனுக்கு இத்தனை சதவீதம், இன்னொருத்தனுக்கு இத்தனை என்று. இந்தப் பங்குக் கணக்கை விசாரிக்க 1960இல் கெஃபாவர் தலைமையில் செனட் துணைக்குழு உட்கார்ந்தபோது லிஸ்டனைக் கூண்டில் நிறுத்தினார்கள். தன் ஒப்பந்தத்தைத் தானே படிக்க முடியாத ஆளை, உன் முதலாளி யார் சொல் என்று கேட்டார்கள். பண்ணையிலாவது முதலாளி யார் என்று தெரியும்.

இதற்கிடையில் 1956இல் ஒரு போலீஸ்காரரோடு தகராறு. அவர் கால் முறிந்தது, லிஸ்டனுக்கு ஒன்பது மாதத் தண்டனை. இனத்தைச் சொல்லித் திட்டியதால்தான் என்பது லிஸ்டன் தரப்பு. அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் போலீஸ் பின்னாலேயே வந்தது. வண்டியை நிறுத்துவது, ஸ்டேஷனுக்கு இழுப்பது, விடுவது.

இப்போது பேட்டர்சன். இவரும் தெற்கில், வட கரோலைனாவில் பிறந்தவர். குடும்பம் புரூக்ளினுக்கு வந்துவிட்டது. 11 பிள்ளைகள். அப்பா கூலிவேலை செய்து களைத்து வருகிறவர். பையன் யாரோடும் பேசமாட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுரங்க ரயில் நிலையத்தில் தொழிலாளிகளின் சாமான் அறைக்குள் இருட்டில் ஒளிந்துகொள்வான். வீட்டிலிருந்த புகைப்படத்தில் தன் முகத்தின்மேல் பெருக்கல் குறி போட்டுக் கீறி, இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னானாம். பால், பழம், துணி என்று சில்லறைத் திருட்டு. பத்து வயதில் பிடிபட்டு வில்ட்விக் என்ற பள்ளிக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே, ஆற்றோரம், மரங்களுக்கு நடுவே இருந்த பள்ளி. எலினார் ரூஸ்வெல்ட் ஆதரித்து வந்த இடம். அங்கே ஒரு ஆசிரியை பொறுமையாக உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கவில்லை. இதே பள்ளியில் இருந்த கிளாட் பிரௌன் பின்னாளில், 1965இல், ஹார்லெம் வாழ்க்கையைப் பற்றிய முக்கியமான நூலை எழுதினார். வில்ட்விக்குக்கும் அந்த நூலின் சமர்ப்பணத்தில் இடம் கொடுத்தார். பேட்டர்சன் வெளியே வந்து 14 வயதில் டமாட்டோவின் கூடத்துக்குப் போனார். டமாட்டோ மாஃபியாவோடு ஒத்துப்போகாத ஆள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம்.

பருத்திக் காட்டுப் பூர்வீகம், கூட்டத்தோடு கூட்டமாக வளர்ப்பு, எழுத்தறிவு இல்லாமை, திருட்டு. 'கடினமான இளமை' என்ற தலைப்பில் ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில் போடலாம். மனம் மட்டும் வேறு வேறாக வந்தது. ஒருவர் வெட்கத்தில் சுருங்குகிறவர். எதிராளியின் வாயிலிருந்து விழுந்த பல்லுறையைக் குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனவர். 1960இல் ஜோஹான்சனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டவுடன் கீழே கிடந்தவரைத் தூக்கப் போனவர். இன்னொருவர் ரிங்கில் முறைத்தாலே எதிராளிக்குக் கால் நடுங்கும். துன்பம்தான் மனதைச் செய்கிறது என்றால் ஒரே துன்பம் ரெண்டு மனதை எப்படிச் செய்தது? அவரவர் சுபாவம் என்று சொல்லிவிடலாம். நானும் சுபாவத்தை மறுக்கவில்லை. ஆனாலும் பிடிபட்ட அன்றைக்கு ஒருத்தனுக்கு ஆசிரியை கிடைத்தார், இன்னொருத்தனுக்கு ஜெயிலர் கிடைத்தார். வெளியே வந்த அன்றைக்கு ஒருத்தனுக்கு டமாட்டோ, இன்னொருத்தனுக்கு கார்போ. மனஉறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ரெண்டு நாளையும் ஆளுக்கொரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

(2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது நம் வட்டத்தில் அதன் அரசியல் பற்றி நிறையப் பேசினோம். எனக்குப் பிடித்தது வேறு. கபிலனின் குத்து பசியிலிருந்து வருவதாக அந்தப் படம் காட்டவில்லை. வாத்தியார், பரம்பரை, பார்த்துப் பார்த்துக் கற்ற கண், இதிலிருந்துதான் வருகிறது. ஜெயிலிலிருந்து வந்ததும் சாராயம் ஆளைத் தின்கிறது. துன்பம் அங்கே உரமாக இல்லை, துன்பமாகவே இருக்கிறது.)

லிஸ்டனைப் பற்றி எழுதியவர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். அவருடைய கைநீளம் 84 அங்குலம். அந்தக் கையில் இடது குத்து ஒன்று இருந்தது. சும்மா தூரம் பார்க்கிற குத்து இல்லை, ஆளையே பின்னால் தள்ளுகிற குத்து. அதைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும். 'நைட் டிரெயின்' என்ற இசைத்தட்டை ஓடவிட்டு, அந்தத் தாளத்துக்குக் கயிறு தாண்டுவார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு லேசாகக் குதிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். இது தொழில். பல வருஷ உழைப்பு. அந்த உழைப்பை எழுதாமல் கரடி, காளை, காட்டுமிருகம் என்று எழுதினார்கள். ஜெயிலும் சாட்டையும் உள்ளே இருக்கின்றன, அதுதான் குத்தாக வருகிறது என்றார்கள்.

இது நமக்குப் புதுசா என்ன? நம்மவர் பறையடித்தால் 'அது அவுங்க ரத்தத்துலயே ஊறினது சார்' என்பான். ரத்தத்தில் ஊறியதென்றால் பழக வேண்டாம், கற்க வேண்டாம், கூலியும் தர வேண்டாம். தோலை வார்த்துக் காய்ச்சி, விரல் காய்த்துப்போகப் பழகின பாட்டனின் கணக்கு அங்கே அழிந்துபோகிறது. தலித் எழுத்தென்றால் 'ரத்தமும் சதையுமாக' என்று மதிப்புரை எழுதுவான். வலி தானாக வழிந்து தாளில் ஊறிவிட்டது மாதிரி. நான் எம்.ஏ. படித்தபோது, நடத்திய பேராசிரியர் ஒருவர் பாமாவின் 'கருக்கு' (1992) பற்றிச் சொன்னார்: "அனுபவம் இருக்கு, அதனால எழுத்து வந்துடுச்சு." எங்க தெருவில் அனுபவம் இல்லாத ஆள் யார்? எல்லாரும் எழுதிவிட்டார்களா? எந்தச் சொல்லை வீட்டிலிருந்து எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று உட்கார்ந்து யோசித்த ஒரு மூளை அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது. காயத்துக்குப் புகழ்மாலை போட்டால் அந்த மூளைக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை.

அந்தக் கோட்பாடு எவ்வளவு வசதியானது என்பது 1964இல் தெரிந்தது. பிப்ரவரி 25, மயாமி பீச். எதிரே 22 வயது காஷியஸ் கிளே, பின்னாளைய முகமது அலி. ஆறு ரவுண்டு முடிந்து ஏழாவதுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. இடது தோளில் காயம் என்றார், பரிசோதித்த மருத்துவர்களும் காயத்தை உறுதிசெய்தார்கள். ஆனால் பேனாக்காரர்களுக்கு அது போதவில்லை. ரௌடி என்றாலே அப்படித்தான், மிரட்டுவான், மிரளாத ஆள் வந்தால் உட்கார்ந்துவிடுவான், வளர்ந்த வளர்ப்பு அப்படி என்றார்கள். ஜெயித்தபோதும் காரணம் வளர்ப்பு, தோற்றபோதும் காரணம் அதே வளர்ப்பு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பலிக்கிற சோசியம்.

இனி 1962க்கு வருகிறேன். எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். லிஸ்டன் முன்னணிக்கு வந்துவிட்டார், பட்டத்துக்கு மோத உரிமை வந்துவிட்டது. வெள்ளைக்காரன் தடுத்தது இருக்கட்டும், நியூயார்க் மாநிலம் அவருக்கு உரிமமே கொடுக்கவில்லை, அதனால் சண்டை சிகாகோவுக்குப் போனது. கறுப்பர் உரிமை இயக்கத்தவரே லிஸ்டன் வேண்டாம் என்றார்கள். என்.ஏ.ஏ.சி.பி. என்ற பழைய பெரிய சங்கத்தில் இருந்தவர்கள், லிஸ்டன் சாம்பியன் ஆனால் போராட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று கவலைப்பட்டார்கள். ஜனாதிபதி கென்னடி பேட்டர்சனை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீ லிஸ்டனை ஜெயித்தாக வேண்டும் என்கிற மாதிரிப் பேசி அனுப்பினார். பேட்டர்சன் 'நல்ல கறுப்பர்'. படித்தவர், பணிவானவர், கத்தோலிக்கர், ஒருங்கிணைப்பை ஆதரிப்பவர். நடுரோட்டில் போலீஸ் நாய்களுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தப்போகிற ஒரு இயக்கம், டிவியில் வருகிற கறுப்பு முகம் எது என்று கவலைப்பட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்து நம் எல்லாரையும் அளப்பார்கள் என்ற பயம் நமக்கும் தெரிந்ததுதான்.

அந்தச் சண்டையை எழுத சிகாகோவுக்கு வந்தவர்களில் ரெண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் நார்மன் மெய்லர். நீளமாக எழுதினார், அதில் லிஸ்டனைவிட மெய்லர் அதிகம். இன்னொருவர் ஜேம்ஸ் பால்ட்வின். ஹார்லெமில், பிரசங்கியான வளர்ப்புத் தந்தையின் கடுமைக்குக் கீழே வளர்ந்தவர். கூப்பிடு தூரத்தில் நின்று எழுத வேண்டிய அவசியமில்லாத ஒரே எழுத்தாளர். குத்துச்சண்டை தனக்குத் தெரியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். லிஸ்டனைப் போய்ப் பார்க்கிறார். கடினமானவன் என்று பெயரெடுத்துத் தன் மென்மையை மறைத்துக்கொள்கிற பெரிய கறுப்பு ஆட்களை எனக்குத் தெரியும், இவர் அப்படிப்பட்டவர் என்கிறார். நம் பிள்ளைகளுக்கு நீ கெட்ட உதாரணம் என்கிறார்களே என்ற பேச்சு வருகிறது. நான் அந்த வழியாக வந்தவன், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது எனக்குத்தான் தெரியும், நான் சொன்னால் கேட்பார்கள் என்ற கருத்தில் லிஸ்டன் பதில் சொல்கிறார். லிஸ்டனைப் பற்றி நான் படித்ததில் அவர் மனிதராகப் பேசுகிற இடம் இதுதான் என்று படுகிறது. எல்லாம் புரிந்தும், பால்ட்வின் பேட்டர்சன்மீது பந்தயம் கட்டினார். தோற்றார். அதை மறைக்காமல் எழுதினார். பெரிய எழுத்தாளன் லிஸ்டனைப் புரிந்துகொண்டும் அவர்மேல் காசு வைக்க முடியாமல் போனதுதான் அந்தக் கட்டுரையின் உண்மை.

செப்டம்பர் 25 அன்று சண்டை 2 நிமிஷம் 6 விநாடியில் முடிந்தது. பேட்டர்சன் ஒட்டுத்தாடியும் மீசையும் வைத்துக்கொண்டு, யாரும் அடையாளம் காணாதபடி ஊரைவிட்டுப் போனார். தோற்றால் போட்டுக்கொள்ளத் தாடியை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். ஒளிந்துகொள்ள ரயில் நிலையத்து இருட்டறை தேடின பையன் உள்ளேயே இருந்திருக்கிறான். அவரை 'நல்ல கறுப்பர்' என்று கொண்டாடிய வெள்ளையர்கள் அவர் யோங்கர்ஸில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியபோது என்ன செய்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் வேலி எழுப்பினார். பேட்டர்சன் வீட்டை விற்றுவிட்டு வெளியேறினார். பணிவுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

லிஸ்டன் ஜெயித்துவிட்டு விமானத்தில் பிலடெல்பியா திரும்பினார். ஊர் திரண்டு நிற்கும், மேயர் வருவார், சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தாராம், இனிமேல் நல்லபடி நடப்பேன் என்று. கதவு திறந்தது. விமான நிலையத் தொழிலாளிகளும் கொஞ்சம் பத்திரிகைக்காரர்களும்தான் நின்றிருந்தார்கள். கூடப்போன ஒரு பத்திரிகையாளர் அந்த முகம் மாறியதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஊர்க் கறுப்பர்கள் எங்கே போனார்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

கேட்பதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்றும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் 14 விழா. சேரியிலிருந்து விளையாட்டில் பேர் வாங்கினவர்களுக்கு மேடையில் சால்வை போடுவது என்று முடிவு. எங்க ஊரில் கபடி ஆடுகிறவன் ஒருத்தன். பாடிப் போனால் ரெண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். சுத்துப்பட்டில் அவன் அளவுக்கு ஆடுகிறவன் இல்லை. அப்பன் செங்கல் சூளையில் செத்தவர், படிப்பு ஆறாவதோடு சரி. அவன்மேல் ரெண்டு கேஸ். ஒன்று ஊர்க்காரர்களோடு நடந்த அடிதடி, இன்னொன்று பைக் திருட்டு. கமிட்டியில் பேர் வந்தபோது "கேஸ்காரன மேடையில ஏத்துனா நாளைக்கு நம்மளப் பத்தி என்ன பேசுவான்?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். காலேஜ் போகிற, நன்றாகப் பேசுகிற ஓட்டப்பந்தயப் பையனுக்குச் சால்வை போட்டோம். முதல்நாள் ராத்திரி பூரா கம்பத்தில் ஏறி சீரியல் செட் கட்டினது அந்தக் கபடிக்காரன். விழா நேரத்தில் ஆளைக் காணோம். பால்ட்வினின் கட்டுரையை அதற்கப்புறம்தான் படித்தேன். அந்தப் பந்தயப் பணம் என் பையிலிருந்தும் போனது மாதிரி இருந்தது.

புத்தகங்களுக்குத் திரும்புகிறேன். பேட்டர்சனுக்கு 1962இலேயே தன்வரலாறு இருக்கிறது. ஒரு பத்திரிகையாளரின் துணையோடு எழுதியது. தலைப்பே, தன்னையே வென்றதாகச் சொல்கிற தலைப்பு. 1964இல் கே தலீஸ் அவரோடு பேசி எழுதிய கட்டுரையில், தோற்றவனின் மனதைத் தானே பிரித்துப் போட்டுப் பார்க்கிற பேட்டர்சனைக் காண்கிறோம். அவ்வளவு வெளிப்படையாகப் பேசிய சாம்பியன் அரிது. வில்ட்விக் கொடுத்த எழுத்து அங்கேயும் வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன். லிஸ்டனுக்கு அப்படி ஒரு சாட்சியம் இல்லை. செத்து 30 வருஷம் கழித்து, 2000இல், நிக் டாஷஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. நன்றாக உழைத்தவர். குடும்பத்தின் அடிமைக் காலம்வரை தேடிப் போகிறார். ஆனால் தலைப்பிலேயே சாத்தானைக் கூட்டிவருகிறார். படிக்கப் படிக்க லிஸ்டன் ஒரு இருட்டுப் புராணம் ஆகிவிடுகிறார், விதி இழுத்துப்போன ஆள். விதி என்று எழுதிவிட்டால் பண்ணைக்காரன் கணக்கு நோட்டை மறுபடி மூடிவிடலாம். மிச்சம் இருப்பது அவர் அங்கங்கே உதிர்த்த ஒற்றை வரிகள். ஊர்வலத்தில் ஏன் நடக்கவில்லை என்று கேட்டதற்கு, நாய் கடித்தால் தாங்குகிற குண்டி எனக்கில்லை என்கிற மாதிரிச் சொன்னார். சிரிக்க வைத்த பேச்சு என்று இதைத் தொகுப்பில் போடுகிறார்கள். தெற்கில் பிறந்தவன் நாயைப் பற்றிச் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது?

1971 ஜனவரி 5 அன்று லாஸ் வேகாஸ் வீட்டில் மனைவி ஜெரால்டின் ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது லிஸ்டன் செத்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. பிறந்த தேதி போலவே இறந்த தேதியும் உத்தேசம்தான். பேட்டர்சன் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத் தலைவராக இருந்தார். ஞாபகம் தடுமாறி 1998இல் பதவி விலகினார், 2006இல் இறந்தார். வாங்கிய குத்துகள் மூளையில் தங்கியிருந்தன.

போன வாரம் அந்த ஒன்பதாவது பையன், இப்போது பத்தாவது, திண்ணையில் இருந்தான். லிஸ்டன் கதையைச் சொன்னேன். பெல்ட், பரிசுப் பணம், அலியோடு போட்ட சண்டை எதைப் பற்றியும் கேட்கவில்லை. "அவுரு பொறந்த நாள் செதுக்குன மரத்த யாரு வெட்டுனா?" என்றான்.

"அது தெரியலடா" என்றேன்.

"மரம் அவுங்களுதா?"

"நெலமே அவுங்களுது கெடையாது."

"அப்பறம் ஏன் அதுல போயி செதுக்குனாங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.